பின்பிரேக் நட்டைத் திருகியது யார்

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் முழுக்க மூட்டம், பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கும்போது, வந்தவர்கள் குறைவு. மழை வந்தால் பாதிப் பேருக்குக் காய்ச்சலும் வந்துவிடும். பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை எனக்கு மட்டும் காய்ச்சல் வரக்கூடாது.

மோட்டார் சைக்கிளில் பின்பிரேக் சரியில்லை. பாப்பாவை ஸ்கூலுக்குக் கூட்டிப் போகும்போது கோயில் வளைவில் மிதித்தேன். பெடல் அடிவரை போனது, வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பாப்பா பின்னால் "அப்பா, அப்பா" என்று கத்துகிறாள். தண்ணீர்க் கானுக்குப் பக்கத்து மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அம்மாவிடம் சொல்லாதே என்றேன். தலையாட்டினாள்.

ஒரே பிள்ளை.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. போன வியாழன்தான் பிரேக் நட்டை நானே இரண்டு சுற்று இறுக்கினேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், பிரேக் கம்பியின் நுனியில் இருக்கிற சின்ன நட்டு. இறுக்கினால் பிரேக் மேலேயே பிடிக்கும், தளர்த்தினால் கீழே போகும். ஸ்பேனர்கூட வேண்டாம், கையாலேயே திருகலாம். நாலு நாளில் அது தானாகத் தளருமா? தளராது.

செய்ய வேண்டியது:
– நட்டைப் பார்க்க
– கொழுந்து நிறுக்கிற தராசு பற்றி ஆபீசுக்கு எழுத
– பாப்பாவுக்கு சப்பாத்து பாலிஷ்
– இந்த நோட்டை அரிசி வாளிக்குப் பின்னால் வைக்க. அலமாரியில் வைத்தால் என் பெண்சாதி ராஜி படிப்பாள்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. குவார்ட்டர்ஸ் கூரை அதே இடத்தில் ஒழுகுகிறது.

யார் யாருக்கு என் மேல் காட்டம் என்று யோசித்துப் பார்த்தேன்.

1. சுனில் பாஸ், டிக்கோயாவில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர். ஏப்ரலில் டயர் மாற்ற பின்சக்கரத்தைக் கழற்றினார். நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் நல்ல சாமானை எடுத்துக்கொண்டு சொத்தையைப் போட்டிருக்கலாம். வார்த்தைக்கு வார்த்தை மாத்தயா, சிங்களத்தில் ஐயா, என்று சொல்லி ரொம்பச் சிரிக்கிற ஆள். எனக்கு அது பிடிக்காது.

2. ராத்திரிக் காவல் பார்க்கிற வாட்சர் பிச்சை. தங்கச்சி கல்யாணத்துக்கு வண்டி கேட்டான், கொடுக்கவில்லை. ஆனால் பிச்சைக்கு எந்தப் பக்கம் இறுக்கும், எந்தப் பக்கம் தளரும் என்றே தெரியாது.

3. மாரியப்பன். செடிக்கு மருந்தடிக்கிற ஆள், என் கணக்கில் வேலை செய்கிறவன். கொழும்பில் ஐந்தாறு வருடம் மோட்டார் சைக்கிள் கராஜில் இருந்துவிட்டு கொரோனா சமயம் தோட்டத்துக்குத் திரும்பி வந்தான். இந்த மாதம் இரண்டாம் வாரம் ஒரு நாள் பதினொரு மணிக்கே மருந்து டாங்கியை இறக்கி வைத்துவிட்டான். "மழையில அடிச்சா மருந்து எலையில நிக்காதுங்க ஐயா, தோட்டத்துக்குத்தான் நட்டம்" என்றான். எனக்குப் பாடம் எடுக்கிறான்! அரைப்பேர் போட்டேன். அரைநாள் சம்பளம் போச்சு. ஒன்றும் பேசாமல் போனான். ஊமை ஊரைக் கெடுக்கும்.

இனி இந்த நோட்டில் மா. என்று மட்டும் எழுத வேண்டும். யார் கையில் கிடைக்குமோ.

மத்தியானம் டிக்கோயா போய் சுனில் பாஸிடம் வண்டியைக் காட்டினேன். கடைக்கு முன்னால் சமதரையில் நாலு தடவை போய் வந்து, "பிரேக் புடிக்குது மாத்தயா. ஆனா பெடல் ஒரு மாதிரி இருக்கு. ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டு போங்க, கழட்டி பாத்துர்றேன்" என்றார். எனக்குப் பிடிக்காத பிரேக் அவருக்கு மட்டும் எப்படிப் பிடிக்கிறது? இரண்டு நாள் விட்டுவிட்டு வந்தால் எதை எதைக் கழற்றுவாரோ. பிறகு பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

கொஞ்சம் வெயில். கொழுந்து நல்ல எடை.

மூளையைப் பயன்படுத்தினேன். பாப்பாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, நட்டிலிருந்து கம்பி வரை நேராக ஒரு கோடு இழுத்தேன். நட்டை எவன் தொட்டாலும் கோடு முறிந்து விலகிவிடும். போலீஸ்காரன்கூட இப்படி யோசித்திருக்க மாட்டான். இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. பொறி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பாப்பா: "என் நெயில் பாலிஷ் ஏன் கொறஞ்சிருக்கு?" தெரியாது என்றேன்.

காலைப் பெரட்டு முடிந்து வண்டியை எடுக்கும்போது மா. டாங்கியோடு பக்கத்தில் வந்து நின்றான். சக்கரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "பாத்து எறங்குங்க ஐயா. பாப்பாவும் வருது" என்றான்.

இதற்கு என்ன அர்த்தம்? அரைப்பேர் வாங்கியவன் எனக்கு ஏன் புத்தி சொல்கிறான்? அதுவும் சக்கரத்தைப் பார்த்துவிட்டு. "ஒன் வேலைய பாரு" என்றேன்.

சாப்பிடும்போது ராஜியும் ஆரம்பித்தாள். "அந்த பிரேக்க ஒருக்கா கழட்டி பாருங்களேன். உள்ள ஏதோ தேஞ்சிருக்கும்." தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிறவளுக்கு பிரேக் பற்றி என்ன தெரியும்? "பொம்பளைக்கு எதுக்கு பிரேக்கு?" என்றேன். பூசணிக்காய்க் கறியை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். இது மூன்றாவது தடவை. யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் இவளுக்கு?

ஜூன் 20, வெள்ளி

கோடு விலகிவிட்டது!

ஐந்தரை மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தேன். நட்டில் இருக்கிற சிவப்பு ஒரு பக்கம், கம்பியில் இருக்கிற சிவப்பு மறுபக்கம். அரைச் சுற்று. ராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில் ஒரு கை வந்து தொட்டிருக்கிறது. நான் நினைத்தது நினைத்தபடி. சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

ஸ்கூலுக்குப் போகும்போது மேலே பிரேக் நன்றாகவே பிடித்தது. அதுதான் தந்திரம். மேலே பிடிப்பது போல் பிடித்துவிட்டு, கோயில் வளைவுக்கு வரும்போது மறுபடி பெடல் இறங்கியது. காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினேன். கராஜில் வேலை செய்தவனுக்குத்தான் இப்படிச் செய்யத் தெரியும்.

பத்து மணிக்கு பிச்சையைக் கூப்பிட்டு விசாரித்தேன். தலையைச் சொறிந்தான்.

"சொன்னா கோவிச்சுக்காதீங்க ஐயா. மாரியப்பன் ஒங்க கொட்டில்ல குந்திகிட்டு இருந்தத பாத்தேங்க. வண்டி பக்கத்துல."

"எப்ப?"

"போன மாசம் ஒருக்கா. இந்த மாசம் ஒருக்கா. விடியறதுக்கு முந்திங்க, நான் டூட்டி முடிஞ்சு போறப்ப."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"குசினியில லைட்டு எரிஞ்சிச்சுங்க. அக்கா எந்திரிச்சு இருந்தாங்க. அதனால ஒங்களுக்கு தெரியும்னு நெனச்சேன்."

ராஜி நாலு மணிக்கே எழுந்து சமைப்பாள். கொட்டில் குசினிக்கு அடுத்த சுவர். ஒருவன் வந்து குந்தியிருந்தது இவளுக்குத் தெரியாமலா போயிற்று?

ஒரு நிமிடம் வேறு மாதிரியும் தோன்றியது. அதை இங்கே எழுத மாட்டேன்.

ராஜியிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கூல் விட்டதும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ராகலைக்கு பஸ் ஏறிவிட்டாள், அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து. ஞாயிறு வருவாள். அவள் இல்லாததும் நல்லதுதான், இருந்தால் தடுப்பாள். உட்கார்ந்து, தோட்டத்தை நடத்துகிற துரைக்குக் கடிதம் எழுதினேன். 'என் உயிருக்கும் என் பிள்ளையின் உயிருக்கும் ஆபத்து விளைவிக்கும் நோக்குடன்' என்று ஆரம்பித்தேன். நன்றாக வந்திருக்கிறது. மூன்று பக்கம்.

ஜூன் 21, சனி

ஆபீசில் விசாரணை. துரை, பெரிய கிளாக்கர், யூனியன் தலைவர், நான், பிச்சை, மா.

என்னிடம் சொன்னதையெல்லாம், குசினி லைட் உட்பட, பிச்சை முதலில் சொன்னான். அதற்குப் பிறகு நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

துரை: "கணக்கப்புள்ள வண்டிகிட்ட போனியா?"

"போனேங்க."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவைங்க."

"நட்ட தொட்டியா?"

"மொத தடவ தொட்டேங்க. கழட்டலைங்க."

"அப்ப என்னா செஞ்ச?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யூனியன் தலைவர் தோளில் தட்டி "சொல்லுப்பா, எதுக்கு போன?" என்றார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். "நான் கெடுதி ஒன்னும் செய்யலைங்க. அவ்வளவுதான்."

மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம். ஒன்றும் செய்யாதவன் வாய் திறந்து சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? துரையும் அதையேதான் கேட்டார். கடைசியில் பேர் வெட்டு. மறு உத்தரவு வரை வேலை இல்லை. அவன் குடியிருக்கிற லயத்துக் காம்பராவைப் பற்றிப் பிறகு முடிவு செய்வார்களாம்.

வெளியே வாசலில் அவன் பெண்சாதி கொழுந்துக் கூடையோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கினாள்.

எனக்கு நிம்மதி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மழை விடவில்லை. நானே சோறு வைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. கருவாடு மட்டும் பரவாயில்லை.

மேல் டிவிசனிலிருந்து வண்டியில் இறங்கினேன். புறப்படும் முன் கோட்டைப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. ஆனாலும் கோயில் வளைவில் பெடல் அடிவரை போனது. எதிரே மரக்கறி லொறி. ஒரு முழம் இடைவெளி. லொறிக்காரன் சிங்களத்தில் என் அம்மாவை இழுத்தான், நியாயம்தான்.

மா. தொடவில்லை. யாருமே தொடவில்லை. பிறகு ஏன்?

வேறு ஒருவனும் இருக்கிறானோ? சுனில் பாஸ்தானோ? ஏப்ரலில் போட்ட சொத்தை சாமான்?

நாளைக்குக் கொண்டுபோய், பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் பார்த்துக் கழற்றச் சொல்ல வேண்டும். பாப்பா பஸ்ஸில் போகட்டும்.

சாயங்காலம் ராஜியும் பாப்பாவும் வந்தார்கள். பஸ் பயணத்தில் பாப்பாவுக்கு வாந்தி. ராஜியிடம் விசாரணை பற்றிச் சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

டிக்கோயாவில் நல்ல வெயில், அதிசயம்.

சுனில் பாஸ் கடையில் ஸ்டூல் போட்டு சக்கரத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். டீ வேண்டாம் என்றேன். சிரித்தார்.

சக்கரத்தைத் தொடும் முன்பே கம்பியைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"யாரு மாத்தயா இவ்வளவு இறுக்கினது?"

"இறுக்குனதா? கழட்டியிருக்கான்."

"இல்ல, இங்க பாருங்க." நட்டுக்குப் பின்னால் மரை விரல் நீளத்துக்கு வெளியே வந்திருந்தது. "கழட்டினா நட்டு கம்பி நுனிக்கு வரும். இது உள்ளுக்கு போய் முடிஞ்சிருச்சு. இனி திருக மரையே இல்ல. கொஞ்சம் கொஞ்சமா ரொம்ப நாளா இறுக்கியிருக்காங்க."

அரைச் சுற்று என்று பார்த்தேன். எந்தப் பக்கம் அரைச் சுற்று என்று பார்க்கவே இல்லை. இருபது வருடமாகக் கொழுந்துத் தராசில் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறவன் நான்.

சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் ஷூ இரண்டும் பாதிக்கு மேல் தேய்ந்து, மேற்பரப்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. டிரம்மும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. விரலால் தடவச் சொன்னார். வழுக்கியது. இதைப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும், சூடேறினால் டிரம் விரிந்து பெடல் அடிவரை போகுமாம், பிடிக்காதாம்.

"மேல இருந்து எறங்குறப்ப எஞ்சின் ஓடுமா?"

வண்டிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எனக்கு தெரியும். தோட்டத்து ஆளுங்க எல்லாருக்கும் இதே வியாதி. எஞ்சின நிப்பாட்டி, நியூட்ரல் போட்டு, மலை முழுக்க ஒத்த காலால பிரேக் அமத்திகிட்டே எறங்குறது. மழை ரோட்டுல தூக்கிப் போடும்னு முன்பிரேக்க தொடுறதே இல்ல. பின்பிரேக் பாவம் மாத்தயா."

பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் பழகியது. தோட்டத்தில் வண்டி வைத்திருந்தவன் எல்லாம் அப்படித்தான் இறங்கினான். பெட்ரோல் வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. மேல் டிவிசனிலிருந்து மூன்று மைல், காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பெருமை வேறு. சமதரையில் அவருக்குப் பிடித்த பிரேக் எனக்கு வளைவில் பிடிக்காததும் இதனால்தான்.

செய்தது: புது ஷூ இரண்டு. டிரம் சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்துத் துடைத்தார். உள்ளே திரும்பி ஷூவை விரிக்கிற இரும்புப் பின்னுக்குத் துளி கிரீஸ், அதற்கு மேல் வேண்டாமாம். பெடல் ஒரு விரற்கடை இறங்கியதும் பிடிக்கிற மாதிரி நட்டை வைத்தார். இனிமேல் கியரில் இறங்க வேண்டும், எஞ்சினே பாதி பிடித்துக்கொள்ளும். பின்பிரேக்கோடு முன்பிரேக்கையும் மெதுவாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பழைய ஷூவைக் கையில் கொடுத்தார், ஏப்ரலில் டீ குடிக்கப் போகும் முன் நான் பார்த்த அதே கம்பெனி. அவர் ஒன்றையும் மாற்றவில்லை.

வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி. இறுக்கியது யார்?

வீட்டுக்கு வந்தேன். ராஜி குசினியில் நின்றாள். நான் வாயைத் திறக்கும் முன்பே திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"மாரியப்பன் தம்பிக்கு பேர் வெட்டிட்டாங்களாமே. நீங்க கடுதாசி குடுத்தீங்களாம். காலையில அவன் பொஞ்சாதி புள்ளக்காம்பராவுல புள்ளைய விட்டுட்டு என் மூஞ்சியகூட பாக்காம போறா. நாலு பேரு கூடி நின்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் தெரியல."

"ராஜி, அந்த நட்டு..."

"நான்தான் இறுக்குனேன்."

உட்கார்ந்துவிட்டேன்.

"வளைவுல பிரேக் புடிக்கலனு பாப்பா வைகாசியிலேயே வந்து அழுதுச்சு. ஒங்ககிட்ட சொன்னேன். காதுல வாங்கல. காம்பராவுல புள்ளைய விட வந்த மாரியப்பன் தம்பிகிட்ட கேட்டேன். வந்து எப்படி திருகுறதுன்னு காட்டிக் குடுத்துச்சு. நீங்க புள்ளைய ஏத்திகிட்டு போற நாளெல்லாம், பெடல் எறங்கியிருக்கானு பாத்து கொஞ்சம் கொஞ்சமா நான்தான் இறுக்குனேன். ரெண்டாவது வாட்டி வந்து பாத்துட்டு, இனிமே திருகி பிரயோசனம் இல்லக்கா, உள்ள தேஞ்சு போச்சு, ஐயாகிட்ட சொல்லி மாத்துங்கன்னுச்சு. வந்து சொன்னேன். பொம்பளைக்கு எதுக்கு பிரேக்குன்னீங்க."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அதுக்கு ஏன் விடியறதுக்கு முந்தி வரணும்?" என்று கேட்டேன்.

என்னை அவ்வளவு நேரம் அவள் பார்த்ததே இல்லை. "அப்பதான் நீங்க தூங்குவீங்க" என்றாள். பிறகு, "நாளைக்கு ஆபீசுல போய் என் பேர சொல்லுங்க. எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

சோறு போட்டுவிட்டுப் பாப்பாவிடம் போய்ப் படுத்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

மூட்டம். ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றேன்.

துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, நட்டு, ஷூ, நியூட்ரலில் இறங்கியது. "என் பொஞ்சாதிதான் மாரியப்பன கூப்பிட்டு கேட்டிருக்கா" என்றபோது பெரிய கிளாக்கரின் பேனா நின்றது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம். விடியலில் வந்தானாம், குசினியில் லைட் எரிந்ததாம், எல்லாம் சனிக்கிழமையே அவர்கள் காதில் விழுந்ததுதானே. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான், சனிக்கிழமை அதே இடத்தில் அவன் எதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றான் என்று புரிந்தது. சோறு போனாலும் பரவாயில்லை என்று நின்றிருக்கிறான்.

துரை: "மூணு பக்கம் எழுத முந்தி வீட்டுல ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே கணக்கப்புள்ள."

நாளை முதல் பேர் போடலாம் என்றார். அரைப்பேரையும் முழுப்பேராக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். மழையில் மருந்து நிற்காது என்பது எனக்கும் அன்றே தெரியும்.

வெட்கம். வேறு வார்த்தை இல்லை.

ஜூன் 26, வியாழன்

தூறல். நேற்று அவன் வரவில்லை. இன்று வந்தான்.

காலையில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் கியரில் இறங்கினேன். கோயில் வளைவில் மிதித்தேன், சொன்ன இடத்தில் நின்றது. என் சட்டையைப் பிடித்திருந்த பாப்பாவின் கை தளர்ந்தது.

பெரட்டில் "மாரியப்பன்" என்று முழுதாகக் கூப்பிட்டேன். "இருக்கேன்" என்றான், மற்ற நாள் மாதிரியே. ஆட்கள் கலைந்த பிறகு மருந்துக் காம்பராவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன்.

"விடுங்க ஐயா." டாங்கிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"அன்னைக்கு ஆபீசுல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அக்காதான் கூப்பிட்டாங்கன்னு."

மூடியை இறுக்கி, டாங்கியை முதுகில் மாட்டினான். அப்போதுதான் என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை.

"அக்கா பேர சொன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க ஐயா. நீங்கதான் மொதல்ல பேசியிருப்பீங்க."

சொல்லிவிட்டு மலையேறிப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை எழுத மாட்டேன் என்று விட்டது அதைத்தான்.